வாணியனும் வைத்தியனும்

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பது பழமொழி. அண்மைக் காலத்தில் இதற்குப் புதுவாழ்வு வந்திருக்கிறது. சிற்றூர்க் கடைத்தெருக்கள் வரை வந்துவிட்ட மரச்செக்கு எண்ணெய்க் கடைகளின் பலகைகளில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நாம் வாழும் சிவகிரியும் இந்தப் புதிய அலைக்கு விலக்கன்று. (ஈரோடு மாவட்டத்திலும் ஒரு சிவகிரி உண்டு, எள் ஏலத்துக்குப் பெயர்போனது அந்தச் சிவகிரிதான். நாம் சொல்வது தென்காசி மாவட்டத்துச் சிவகிரியை.)

நல்ல பழமொழிதான். ஆனால் அது ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறது. வாணியனுக்குக் கொடுக்கவே வழியில்லாதவன் என்ன செய்வான்? செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு லிட்டரின் விலையில், நியாயவிலைக் கடையில் பத்து லிட்டருக்கு மேல் பாமாயில் வாங்கலாம். விலையில் இவ்வளவு தொலைவில் நிற்கும் இரண்டு எண்ணெய்களைப் பற்றி நம் காலத்தில் நடக்கும் பேச்சோ மருத்துவத்தின் மொழியில் நடக்கிறது. ஒன்று அமுதம், மற்றது நஞ்சு என்கிறார்கள். இந்தப் பேச்சில் வேதியியல் குறைவு, பெருமிதம் அதிகம் என்பது நம் கருத்து. அந்தப் பெருமிதத்துக்கான விலையை, அதை வாங்க இயலாதவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

சொல்லிலிருந்து தொடங்குவோம், தமிழ் படித்தவர்களுக்கு அதுவே பழகிய வழி. எள்ளின் நெய் எண்ணெய். எள், நெய் என்னும் இரண்டும் புணரும்போது ளகரமும் நகரமும் திரிந்து இரண்டு ணகரங்களாவதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். பழந்தமிழில் 'நெய்' என்பது பசுவின் நெய்யை மட்டும் குறிக்கவில்லை. வழவழப்பும் பசையும் உடைய பலவற்றுக்கும் அது பொதுப்பெயர். அவற்றுள் எள்ளின் நெய், காலப்போக்கில் மற்றெல்லாவற்றுக்கும் தன் பெயரைக் கொடுத்துவிட்டது. தேங்காய் எண்ணெயில் எள் இல்லை. கடலை எண்ணெயில் இல்லை. மண்ணெண்ணெயில் சற்றும் இல்லை. ஆனால் எல்லாவற்றின் பெயரிலும் எள் இருக்கிறது. தன் பெயரைப் பொதுச்சொத்தாக்கிவிட்ட எள்ளெண்ணெய்க்கு 'நல்ல' என்னும் அடைமொழி ஒன்று மிஞ்சிற்று.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 'ஆயில்' என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீனின் 'ஓலியம்' வழியாக வந்தது. அதன் வேர், கிரேக்க மொழியில் ஆலிவைக் குறிக்கும் சொல். நமக்கு எள் எப்படியோ அவர்களுக்கு ஆலிவ் அப்படி. ஒரு மரத்தின் எண்ணெய் எல்லா எண்ணெய்களுக்கும் பெயரானது. ஆக, 'பாமாயில்' என்று நாம் சொல்லும்போது நாவில் பனையும் ஆலிவும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

'எண்ணெய்' என்னும் சொல்லைப் பிரித்து விளக்கிக்கொண்டிருந்த ஒரு வகுப்பில் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்க வீட்ல பாமாயில்தான். அத எப்படிப் பிரிக்கிறது?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. கேட்டவர் சிரிக்கவில்லை. ஒரு வீட்டு அடுப்படியில் இருக்கும் எண்ணெயின் பெயர் நகைப்புக்குரியதாக எப்போது மாறியது என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் கொழுப்பும் தகுதியும் எப்போதும் பின்னிக் கிடந்தவை. அளவுக்கு மீறிப் பேசுபவனை 'உனக்குக் கொழுப்பு' என்கிறோம். இருப்பவன் கொழுத்தவன், இல்லாதவன் காய்ந்து கிடப்பவன். இன்றைக்கு அந்த ஏற்றத்தாழ்வு, உண்ணும் கொழுப்பு எந்த வகை என்பதற்கு நகர்ந்திருக்கிறது.

நிற்க. கொழுப்பு என்பது உண்மையில் என்ன?

ஸ்வீடன் நாட்டு வேதியியலர் ஷீலே, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடுடன் சேர்த்துச் சூடாக்கியபோது இனிப்பான நீர்மம் ஒன்று கிடைத்தது. கொழுப்புக்குள் இனிப்பு இருந்தது. அதுவே பின்னாளில் கிளிசரால் எனப்பட்டது. பிரான்சு நாட்டின் மிஷல் யூஜீன் செவ்ரல் பல்லாண்டுகள் ஆய்ந்து 1823-இல் ஒரு நூலாக வெளியிட்டார். எல்லாக் கொழுப்புகளும் கிளிசராலும் சில அமிலங்களும் சேர்ந்தவை என்பது அவர் நிறுவிய உண்மை. செவ்ரல் 102 வயதுவரை வாழ்ந்தார் என்பதும் இங்கே நினைக்கத் தகும்.

சட்டை மாட்டும் பலகை ஒன்றில் மூன்று கொக்கிகள் இருப்பதாகக் கொள்வோம். பலகை கிளிசரால். கொக்கிகளில் தொங்கும் மூன்று நீண்ட சங்கிலிகள் கொழுப்பு அமிலங்கள். நல்லெண்ணெயானாலும் நெய்யானாலும் பாமாயிலானாலும் பலகை ஒன்றே, வேறுபாடெல்லாம் சங்கிலிகளில்தான். ஒவ்வொரு சங்கிலியும் கார்பன் அணுக்களால் ஆனது. கார்பன் ஒவ்வொன்றும் தன்னால் இயன்ற அளவுக்கு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது நிறைவுற்ற அமிலம். இரண்டு கார்பன்கள் ஹைட்ரஜனைக் குறைத்துக்கொண்டு தமக்குள் இரட்டைக் கைகோத்திருந்தால் அது நிறைவுறா அமிலம். அந்த இரட்டைப் பிணைப்பு ஒன்றாயின் ஒற்றை நிறைவுறா அமிலம். பலவாயின் பன்மை நிறைவுறா அமிலம்.

இவ்வளவுதான் அடிப்படை. இதன் விளைவோ பெரிது. இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி வளைகிறது. நேரான ஈர்க்குகளைச் சேர்த்து இறுக்கமாகக் கட்டிவிடலாம். வளைந்த சுள்ளிகள் ஒரு கட்டுக்குள் அடங்கா. அதனால்தான் நிறைவுற்ற கொழுப்பு எளிதில் உறைகிறது, நிறைவுறாக் கொழுப்பு நீர்மமாகவே நிற்கிறது. 18 கார்பன்கள் கொண்ட நான்கு அமிலங்களை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் ஏறத்தாழ 69 பாகை செல்சியசில்தான் உருகும். ஒரு பிணைப்பு உள்ள ஓலியிக் அமிலத்துக்கு 13 பாகை போதும். இரண்டு உள்ள லினோலியிக் அமிலம் உறைநிலைக்குக் கீழே 5 பாகையிலும், மூன்று உள்ள லினோலெனிக் அமிலம் அதற்கும் கீழே 11 பாகையிலும் உருகிவிடுகின்றன. நீளம் ஒன்றே; வளைவுகள்தான் வேறு. மார்கழிக் காலையில் உறைந்த தேங்காய் எண்ணெயை அடுப்பருகே வைத்து உருக்கும் எவரும், நிறைவுற்ற அமிலங்களின் இயல்பைக் கண்ணால் கண்டவரே. தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே உறையத் தொடங்கிவிடும்.

இனி நம் அடுப்படிக்குள் வருவோம். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. அதில் பாதிக்கு மேல் லாரிக் அமிலம். பசுநெய்யில் நிறைவுற்றது 60 விழுக்காட்டுக்கு மேல். நெய்யின் மணத்துக்குத் துணைசெய்யும் பியூட்ரிக் அமிலம் அதில் 3, 4 விழுக்காடு இருக்கிறது. பாமாயிலில் நிறைவுற்றது ஏறத்தாழப் பாதி, ஓலியிக் 40 விழுக்காட்டளவு. அதிலிருந்து உறையும் பகுதியை நீக்கி எடுப்பதே பாக்கெட்டில் வரும் பாமோலின். அதில் நிறைவுற்றது இன்னும் சற்றுக் குறைவு. கடலை எண்ணெயில் நிறைவுற்றது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, மீதியில் ஓலியிக் அமிலமே மிகுதி. நல்லெண்ணெயில் நிறைவுற்றது ஏறத்தாழ 15 விழுக்காடு. ஓலியிக்கும் லினோலியிக்கும் கிட்டத்தட்டச் சரிபாதியாக மீதியைப் பகிர்ந்துகொள்கின்றன. சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் அமிலம் மட்டுமே 60 விழுக்காட்டளவு.

இந்த எண்களை அருகருகே வைத்தால், நடக்கும் பேச்சின் முரண் வெளிப்படும். பாமாயிலை நஞ்சு என்பவர்கள் அதற்குக் காரணமாக அதன் நிறைவுற்ற கொழுப்பைச் சொல்கிறார்கள். அவர்களே தேங்காய் எண்ணெயை அமுதம் என்கிறார்கள். அதில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ இரு மடங்கு. லாரிக் அமிலம் தனித்தன்மை உடையது, நல்ல கொலஸ்ட்ராலையும் கூட்டும் என்பது உண்மையே. ஆனால் கெட்ட கொலஸ்ட்ராலையும் அது கூட்டுகிறது. தென்னை நம்முடையது, செம்பனை அயலது என்பது வரலாறு. இரத்தக் குழாய்க்கு அந்த வரலாறு தெரியாது. 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்று பெருமையுடன் அச்சிடும் புட்டிகளின் கதையும் இத்தகையதே. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தத்தக்க அளவில் இருப்பதில்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லிக் காசாக்குகிறார்கள்.

அப்படியானால் அஞ்ச வேண்டிய கொழுப்பே இல்லையா? இருக்கிறது. அது பனையிலும் தென்னையிலும் விளையவில்லை, ஆலையில் விளைந்தது. ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் 1902-இல் ஒரு காப்புரிமை பெற்றார். நீர்ம எண்ணெய்க்குள் நிக்கல் துணையுடன் ஹைட்ரஜனைச் செலுத்தினால் இரட்டைப் பிணைப்புகள் நிறைந்து எண்ணெய் கட்டியாகிவிடும். மலிவான எண்ணெயை நெய்போலத் தோன்றச் செய்யும் வித்தை இது. இந்தியாவில் 1937-இல் டால்டா வந்தது. நம் மக்கள் வனஸ்பதியின் பெயரையே மறந்து 'டால்டா' என்று பொதுப்பெயராக வழங்கினார்கள். எள்ளுக்கு நேர்ந்தது ஒரு வணிகப் பெயருக்கும் நேர்ந்தது. காலியான டப்பா துளசி வளர்க்கவும் அரிசி அளக்கவும் பயன்பட்டது.

ஹைட்ரஜன் ஏற்றும்போது எல்லாப் பிணைப்புகளும் நிறைவதில்லை. எஞ்சிய சில பிணைப்புகள் முறுக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிடுகின்றன. இவையே மாறுபக்கக் கொழுப்புகள், அதாவது ட்ரான்ஸ் கொழுப்புகள். ஓலியிக் அமிலத்தின் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே வரிசை. பிணைப்பின் திசை மட்டும் மாறினால் அது எலைடிக் அமிலம். முன்னது 13 பாகையில் உருகும்; பின்னது 45 பாகை கேட்கும். வளைந்த சங்கிலி நேராகிவிட்டது. எழுத்துகள் மாறாமல் பொருள் மாறிவிடும் சொற்களைப் பற்றி இலக்கணம் பேசுவதைப் போல, அணுக்கள் மாறாமல் இயல்பு மாறிவிடும் பொருள்களைப் பற்றி வேதியியல் பேசுகிறது. நிறைவுற்ற கொழுப்பின் தீமை எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆலையில் உருவாகும் மாறுபக்கக் கொழுப்பு இதயத்துக்குத் தீங்கு என்பதில் அத்தகைய விவாதம் இல்லை. கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதைக் குறைத்து, இரு முனையிலும் கெடுப்பது அது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இதை உலக உணவிலிருந்தே நீக்க அறைகூவல் விடுத்தது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதன் உச்சவரம்பு 2021 ஜனவரியில் 3 விழுக்காடாகவும், 2022 ஜனவரியில் 2 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது.

வனஸ்பதியின் கதையில் எள்ளுக்கு ஒரு சுவையான வேடம் உண்டு. நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று இந்தியச் சட்டம் நெடுங்காலம் விதித்திருந்தது. நல்லெண்ணெயில் உள்ள சில சேர்மங்கள், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபியூராலும் சேர்ந்தால் செக்கச்சிவந்த நிறம் காட்டும். பௌடோயின் சோதனை என்பது இதன் பெயர். சந்தேகத்துக்குரிய நெய்யில் சிவப்பு தோன்றினால் உள்ளே வனஸ்பதி இருக்கிறது என்று பொருள். தன் பெயரை எல்லாருக்கும் தானம் செய்த எள், இங்கே கலப்படத்துக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்பட்டது.

இனிப் பாமாயிலுக்கு வருவோம். ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் தோன்றிய மரம் அது. மலாயாவின் சிலாங்கூரில் 1917-இல் அதன் முதல் வணிகத் தோட்டம் தென்னமரம் என்னும் எஸ்டேட்டில் உருவானது. அதை நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்வைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. இரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறியபோது பால்மரம் வெட்டிய தமிழ்க் கைகளே குலை அறுக்கவும் நேர்ந்தது. 'செம்பனை' என்ற அழகிய சொல் மலேசியத் தமிழர் நமக்குக் கொடுத்தது. பாமாயிலை அந்நியம் என்று ஒதுக்குமுன், அதில் தமிழர் வியர்வையும் கலந்திருப்பதை நினைக்க வேண்டும்.

அது தமிழக அடுப்படிக்கு வந்த வழி அரசியல் வழி. 1986-இல் தொடங்கிய எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தின் பயனாக, 1990-களின் தொடக்கத்தில் இந்தியா சமையல் எண்ணெயில் ஏறத்தாழத் தன்னிறைவை எட்டியது. 1994-இல் பாமோலின் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் இறக்குமதி ஏறிக்கொண்டே போய், இன்று நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் கடல் கடந்து வருகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்களுக்கு நிறுத்தியபோது அதன் அதிர்வு நம் கடைத்தெருக்கள் வரை எட்டியது. தமிழகத்தில் 2007-இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் தொடங்கியது. குடும்ப அட்டைக்கு ஒரு லிட்டர் பாமாயில், விலை 25 ரூபாய். அரிசி இலவசமாகக் கிடைக்கும் வீட்டில் அந்த ஒரு லிட்டர்தான் தாளிப்பு, அதுவே அப்பளம், அதுவே விருந்தினர் வந்தால் வடை. அதை நஞ்சு என்று சொல்வது, அந்த வீட்டுத் தாயைப் பார்த்து 'நீ பிள்ளைகளுக்கு நஞ்சிடுகிறாய்' என்று சொல்வதற்கு ஒப்பாகும். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை.

அதற்காகச் செக்கைப் பழிக்க நாம் முற்படவில்லை. செக்கெண்ணெயின் மணமும் சுவையும் மெய்யானவை. எள்ளுடன் கருப்பட்டி சேர்த்து ஆட்டிய எண்ணெயின் மணத்துக்கு ஈடு எதுவும் ஆலையில் கிடையாது. சுத்திகரிப்பில் எண்ணெய் காரத்தால் கழுவப்படுகிறது, நிறம் நீக்கப்படுகிறது, 200 பாகைக்கு மேல் நீராவியால் மணம் போக்கப்படுகிறது. அதில் இயற்கையான சில நற்பொருள்களும் ஓரளவு போய்விடும். நல்லெண்ணெய் விரைவில் காறிப்போகாமல் காப்பவை அதிலுள்ள செசமின், செசமோலின் போன்ற சேர்மங்கள். அவற்றைக் கெடாமல் வைத்திருப்பது செக்கின் சிறப்பு.

ஆனால் செக்கு எதையும் வடிகட்டிவிடுவதில்லை. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் கொடிய நச்சு உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் பெருந்தொகையாக மாண்டதை ஆராய்ந்தபோது அது கண்டறியப்பட்டது. காரத்தால் கழுவும் சுத்திகரிப்பு அந்த நச்சைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது, செக்கால் இயலாது. ஆகவே செக்கெண்ணெய் வாங்குபவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி மரம் வாகையா என்பதன்று. கடலை காய்ந்ததா, சொத்தை பொறுக்கியதா என்பதே. மேலும், செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் கடலை எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் அவையேதான். ஒரு கிராமுக்கு 9 கலோரி என்னும் கணக்கும் மாறாது.

செக்கின் பெருமை பேசும்போது செக்காட்டியவர்களையும் நினைக்கலாம். சோழர் கால அரசுகள் செக்குக்கு வரி விதித்தன. கல்வெட்டுகள் அதைச் செக்கிறை என்கின்றன. காலையில் எண்ணெய்க் குடத்துடன் வாணியன் எதிரே வந்தால் அபசகுனம் என்று ஒதுங்கிய சமூகம் நம்முடையது. வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுக்க வைக்கப்பட்டார். செக்கு அன்று தண்டனைக் கருவி. இன்று அதே செக்கு பாரம்பரியத்தின் சின்னமாகிக் கண்ணாடிக் கடைகளில் வீற்றிருக்கிறது. உழைத்தவனை அபசகுனமாக்கிவிட்டு அவன் கருவியை மட்டும் அழகுபடுத்துவது பாரம்பரியத்துக்குச் செய்யும் மரியாதையாகாது.

நம் பகுதியின் உண்மையான எண்ணெய்ச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மேற்கே ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் தேங்காய் எண்ணெய் நாடு. 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டையிலும் அதன் மணம் உண்டு. கிழக்கே விருதுநகர், தென்னாட்டின் எண்ணெய்ச் சந்தை. அதன் விலை நிலவரம் வாரந்தோறும் நாளிதழ்களில் வரும். நடுவில் நாம் பொரித்துத் தின்கிறோம். குற்றாலத்துச் சாரலில் நேந்திரம் வறுவல், செங்கோட்டைப் பக்கம் பரோட்டா, விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டா, சாத்தூரில் காராச்சேவு. இவற்றை ஒருநாள் உண்பதால் எவரும் கெட்டுவிடார். கேடு, மீண்டும் மீண்டும் காய்ச்சும் எண்ணெயில் இருக்கிறது. இரட்டைப் பிணைப்புகள் உயிர்வளியின் தாக்குதலுக்கு எளிதில் இலக்காகும் இடங்கள். எத்தனை பிணைப்போ அத்தனை வாயில். ஆகவே சூரியகாந்தி போன்ற எண்ணெய்கள் பலமுறை கொதிக்கும்போது விரைவில் சிதைந்து தீய பொருள்களைத் தருகின்றன. பொரிப்பதற்குத் தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் அவற்றைவிடத் தாங்கும் என்பது வேதியியல் சொல்லும் எதிர்பாராத உண்மை. ஆயினும் எதற்கும் எல்லை உண்டு. பொரித்த எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. சாலையோர வாணலியில் அதை அளந்து பார்ப்பவர் அரிது.

இன்னொன்றும் உண்டு. நம் உடலால் ஆக்கிக்கொள்ள முடியாத கொழுப்பு அமிலங்கள் இரண்டு: லினோலியிக், ஆல்ஃபா லினோலெனிக். கொழுப்பு அமிலங்களில் இன்றியமையாதவை உண்டு என்பதை எலிகளைக் கொண்டு 1929-இல் காட்டியவர்கள் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர். முன்னது நம் எண்ணெய்களில் தாராளம். ஒமேகா-3 வகையான பின்னது நல்லெண்ணெய், கடலை, சூரியகாந்தி, தேங்காய், பாமாயில் எதிலும் பெயருக்குத்தான் இருக்கிறது. செக்கா ஆலையா என்று எவ்வளவு சண்டையிட்டாலும் இந்தக் குறை தீராது. ஒமேகா-3 குடும்பத்தின் சிறந்த அமிலங்களைத் தருவது கடல்மீன். அதுவும் விலை மலிந்த சாளை. மீன் உண்ணாதவர்களுக்கு ஆளிவிதையும் கீரையும் ஓரளவு துணை. விலை உயர்ந்த புட்டியில் தேடுவதை, ஏழைகளின் மீன் என்று ஒதுக்கிய ஒன்று தருகிறது.

குன்னூரில் 1918-இல் ராபர்ட் மக்காரிசன் ஒரு சிறிய அறையில் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுதான் இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரே எண்ணெயை நம்பியிராமல் பலவற்றையும் பயன்படுத்தவும், அளவைக் குறைக்கவும், காய்ச்சிய எண்ணெயைத் திரும்பக் காய்ச்சாமல் இருக்கவும் சொல்கிறது. அதனுடன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொழுப்பைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைத் தீட்டிய அரிசிச் சோற்றால் நிரப்பினால் இதயத்துக்குப் பெரிய நன்மை இல்லை. இலவச அரிசி மிகுதியாகவும் பருப்பும் எண்ணெய்வித்தும் குறைவாகவும் உள்ள தட்டில், எண்ணெயை மட்டும் குற்றவாளியாக்குவது பாதி உண்மை.

இதனால் நாம் கேட்பது மூன்று. முதலாவது, நியாயவிலைக் கடையில் தெரிவு வேண்டும். பாமாயிலை நிறுத்தச் சொல்லவில்லை. அதனுடன் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, அளவு குறைந்தாலும், மானிய விலையில் வேண்டும். பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் வழங்கக் கோரும் தென்னை விவசாயிகளின் பக்கம் பொருளாதார நியாயம் இருக்கிறது. அதை அந்தப் பெயரிலேயே கேட்கலாம், உடல்நலத்தின் பெயரால் கேட்க வேண்டாம். உடல்நலம்தான் நோக்கமென்றால் கடலைக்கும் எள்ளுக்குமே முன்னுரிமை. 2021-இல் எண்ணெய்ப் பனை சாகுபடிக்காக ஒன்றிய அரசு 11,040 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. அந்த அக்கறையில் ஒரு பங்கு மானாவாரி எள்ளுக்கும் கடலைக்கும் கிடைத்து, விளைந்தது உள்ளூரிலேயே ஆட்டப்பட்டு, உள்ளூர் நியாயவிலைக் கடைக்குப் போனால் செக்குக்கும் பிழைப்பு, ஏழைக்கும் எண்ணெய்.

இரண்டாவது, வாணலியைச் சோதியுங்கள். சட்டம் இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது. சோதிக்கும் கைகள்தாம் போதவில்லை. பலமுறை காய்ச்சிய எண்ணெயை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யாமல் தெருவோர வியாபாரியை மட்டும் தண்டிப்பதில் பொருளில்லை.

மூன்றாவது நம் துறை சார்ந்தது. அடைத்து விற்கும் உணவின் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது இந்திய உணவுச் சீட்டு விதி. தமிழ் விற்பவரின் விருப்பம். நிறைவுற்ற கொழுப்பு, நிறைவுறாக் கொழுப்பு, மாறுபக்கக் கொழுப்பு என்று பள்ளி வேதியியல் நூல்கள் செம்மையான சொற்களை எப்போதோ தந்துவிட்டன. அவை பாடநூலில் தொடங்கிப் பாடநூலிலேயே முடிந்துவிடுகின்றன. பாக்கெட்டின் முகப்பில் விளம்பரம் தமிழில் இருக்கும். முதுகில் உள்ள உண்மை வேற்றுமொழியில் இருக்கும். அந்தச் சிறு பெட்டிக்குள் தமிழ் வந்துவிட்டால், பலகையில் எழுதிய பழமொழியை நம்பி வாங்கும் தேவை குறையும். பாமாயில் வாங்கும் வீடும் தான் வாங்குவது நஞ்சன்று, இன்ன பொருள் இன்ன அளவில் கொண்டது என்று வாசித்தறியும்.